முடிக்கப்படாத மறுமொழி: பக்கத்தைப் புதுப்பிக்காமலே எண் மாறுவது எப்படி?

மாரி மழை வலுத்து உன்னிச்சைக் குளத்தின் வான் கதவுகள் திறக்கப்படும் நாட்களில், நீர்மட்டத்தைக் காட்டும் இணையப்பக்கம் ஒன்றை நாமே அமைத்தால், பார்ப்பவர் புதுப்பிக்காமலே எண் மாறச் செய்ய இயலுமா என்று செங்கலடியிலிருந்து உயர்தர மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். பாடத்தில் பைதன் என்ற நிரல்மொழி படித்தவராதலால் அடிப்படையை விரைந்து கடக்கலாம்: பக்கத்தைக் காட்டும் மென்பொருளான உலாவி கேட்கும், பக்கத்தை வைத்திருக்கும் கணினியான சேவையகம் மறுமொழி தரும், அத்துடன் பரிமாற்றம் முடியும். கேட்காமல் சேவையகம் வாய் திறப்பதில்லை.

ஐந்து விநாடிக்கு ஒருமுறை உலாவியைக் கேட்கவைப்பது எளிய வழி. ஆனால் ஆயிரம் பேர் பார்த்தால், மட்டம் அசையாத வேளையிலும் விநாடிக்கு 200 கேள்விகள் வரும்.

இதைவிட அழகான வழி, மறுமொழியை முடிக்காமலே வைத்திருப்பதாகும். வருவது நிகழ்வுத்தொடர், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக வரும் செய்திகள், என்று மறுமொழியின் தலைப்பகுதியில் அறிவித்துவிட்டு, சேவையகம் இணைப்பைத் திறந்தே வைக்கிறது. புதிய அளவீடு கிடைக்கும்போதெல்லாம் 'டேட்டா' என்று தொடங்கும் ஒரு வரியையும், அதன்பின் ஒரு வெற்று வரியையும் அனுப்புகிறது. அந்த வெற்று வரியைக் கண்டதும் ஒரு செய்தி நிறைவுற்றதென்று உலாவி எண்ணை மாற்றுகிறது. இணைப்பு அறுந்தால் உலாவி தானே மீண்டும் இணைந்து, செய்திகளுக்குச் சேவையகம் அடையாள எண் இட்டிருந்தால், கடைசியாகப் பெற்ற செய்தியின் எண்ணையும் தெரிவிக்கும். விடுபட்டவற்றைச் சேவையகம் அதற்கடுத்ததிலிருந்து அனுப்பலாம்.

பைதனில் இதற்கென்றே பிறந்ததுபோல் அமைந்திருப்பது 'ஈல்ட்' என்ற கட்டளைச்சொல். 'ரிட்டர்ன்' வந்ததும் சார்பு (ஒரு வேலைக்கெனப் பெயரிட்டு எழுதிய நிரல்பகுதி) முடிந்து அதன் உள்மாறிகள் அழிகின்றன. 'ஈல்ட்' வந்தாலோ மதிப்பை வெளியே கொடுத்துவிட்டு, மாறிகள் அனைத்தும் அப்படியே இருக்க, அதே வரியில் சார்பு உறைந்து நிற்கிறது. அடுத்த மதிப்பு கேட்கப்படும்போது நின்ற இடத்திலிருந்தே தொடர்கிறது. ஆகவே முடிவற்ற ஒரு சுழற்சிக்குள் 'ஈல்ட்' எழுதினால், முடிவற்ற மறுமொழி தயார். 2001 இல் வெளிவந்த பைதன் 2.2 தந்த இவ்வசதியை விஞ்சும் நயத்தை அம்மொழியில் நான் கண்டதில்லை.

காத்திருக்கும் ஒவ்வொரு பார்வையாளருக்கும் ஓர் இழையை (நிரலுக்குள் தனித்து ஓடும் வேலைத்தொடரை) ஒதுக்கினால் சேவையகம் திணறும் என்பதால், ஒன்று காத்திருக்கையில் மற்றவற்றைக் கவனிக்கவிடும், பைதன் 3.5 முதல் உள்ள 'ஏசிங்க்', 'அவெயிட்' முறையில் எழுதுவது நல்லது. இருபுறமும் பேசவல்ல வெப்சாக்கெட் என்ற இணைப்புமுறை அரட்டைக்கு ஏற்றது. ஒருபுறம் மட்டும் செல்லும் நீர்மட்டத்திற்கு அது மிகை.

சும்மா கிடக்கும் இணைப்பை, வழியிலுள்ள வலையமைப்பு இடைக்கருவிகள் துண்டிக்காதிருக்க, பதினைந்து விநாடிக்கொரு முறை முக்காற்புள்ளியில் தொடங்கும் வெற்றுக் குறிப்பை அனுப்புவது வழக்கம். இதில் ஓர் ஆபத்து உண்டு: குளத்தில் நீர்மட்டத்தை அளக்கும் உணரி பழுதடைந்தாலும் இணைப்பு உயிரோடிருக்கும், பழைய எண்ணும் திரையில் நிற்கும். எனவே அளந்த நேரத்தையும் எண்ணுடன் அனுப்பவேண்டும். மென்பொருள் இலவசம்; நல்ல உணரிக்கும் அதன் பராமரிப்புக்குமே காசு வேண்டும். 'குளம் உடைத்துவிட்டது' என்ற வட்ஸ்அப் குரற்பதிவை நம்பி ஊர் கலைவதைவிட, அந்தக் காசு பெரிதல்ல என்பது என் கருத்து.