கதிர்ச்சிகிச்சையும் சலப்பையும்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கமிருந்து தெல்லிப்பளை, மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிகளுக்குப் போய் அடிவயிற்றில் கரண்ட் (கதிர்ச்சிகிச்சை) பிடித்து வருகிறவர்களில் பலர், பஸ்ஸில் அந்தரப்படக் கூடாதென்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுகிறார்கள். சலப்பைக்கு (சிறுநீர்ப்பைக்கு) அது கூடாது.

கருப்பைக் கழுத்துக்கு முன்னால் ஒட்டினாற்போல் இருப்பது சலப்பை. ஆண்களில் புரஸ்டேட் சுரப்பி அதன் அடியில். அதனால் அங்குள்ள புற்றைக் குறிவைக்கும் கதிரில் ஒரு பங்கு சலப்பைச் சுவரிலும் விழும். கருப்பைக் கழுத்துப் புற்றுக்கு வெளியிலிருந்து கொடுக்கும் கதிர் பொதுவாக 45 முதல் 50 கிரே (கதிரை அளக்கும் அலகு) வரை. ஐந்து வாரமளவில் பிரித்துக் கொடுப்பார்கள்.

சலத்திலுள்ள உப்பும் கழிவும் சுவருக்குள் ஊறாமல் உள்ளே ஒரு மெல்லிய படலம் காக்கிறது. கதிர் அதைப் புண்ணாக்க, சலம் அடியிலுள்ள நரம்புகளைத் தீண்டுகிறது. இரண்டு மூன்று வாரத்தில் எரிவு, அடிக்கடி போகவேண்டிய உணர்வு, அடக்க முடியாமை. தண்ணீர் குறைந்தால் சலம் செறிவாகி எரிவு இன்னும் கூடும். பிளேன்ரீயும் கோப்பியும்கூட உறுத்தும். கிருமித் தொற்றிலும் இதே குணங்குறிகள்தான், ஆகவே சலத்தைச் சோதிக்க வேண்டும். சிகிச்சை முடிந்து சில வாரங்களில் பெரும்பாலானோருக்கு இது ஆறிவிடும். (சிறுநீரக வருத்தத்துக்காக அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்கள் டொக்டரிடம் கேட்டே தண்ணீரைக் கூட்டலாம். வவுனியாப் பக்கம் அப்படிப்பட்டவர்கள் கனபேர்.)

சில வேளை சலப்பை நிறைந்திருக்க வரச் சொல்வதற்கும் காரணம் உண்டு. நிறைந்த சலப்பை குடலை மேலே தள்ளும். சலப்பையின் மேற்பகுதியும் கதிருக்கு வெளியே விலகும்.

பிந்தி வருவது வேறு விதம். மாதங்கள் கழித்து, சிலருக்குப் பத்து வருடம் கழித்தும் வரும். கதிர் பட்ட சிறு நாடிகளின் உட்சுவர் தடித்து வழி ஒடுங்குகிறது. ஒட்சிசன் குறைய, தசை இருந்த இடத்தில் தழும்பு வளர்கிறது. 400, 500 மில்லிலீற்றர் பிடித்த சலப்பை விரிய மாட்டாமல் பாதியிலேயே முட்டும். உட்பரப்பில் புதிதாகப் படரும் நாளங்கள் மெலிந்தவை. அவை வெடித்தால் சலத்தில் இரத்தம்.

இதைத்தான் ‘சூடு’ என்று இளநீரோடு விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது. கதிரின் தாக்கமாகவும் இருக்கலாம், கல்லாகவோ புதிய கட்டியாகவோ கூட இருக்கலாம். கமரா விட்டுப் பார்த்தால்தான் தெரியும். இரத்தம் கசியும் நாளத்தைச் சுட்டு அடைக்கலாம். காற்றழுத்தம் கூட்டிய அறையில் ஒட்சிசன் கொடுத்து நல்ல நாளங்களை வளரச் செய்யும் முறையும் உண்டு.

பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பழைய கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய், எப்போதோ கரண்ட் பிடித்ததைச் சொல்லுங்கள். இரத்தக்கட்டி அடைத்துச் சலம் போகாமல் அடிவயிறு வீங்கினால், விடியும்வரை பார்த்திருக்காமல் அன்றிரவே போக வேண்டும்.