அணு உலை, மெதுவாக வெடிக்கும் குண்டு அல்ல

“கட்டுப்பாட்டுத் தண்டு பழுதானால் உலை அணுகுண்டாக வெடிக்கும்.” உயர்நிலை மாணவர்களின் விடைத்தாளில் மறுபடியும் இதே வரி. பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. தவறு நாம் வெள்ளைப்பலகையில் போடும் படத்தில் இருக்கிறது.

1, 2, 4, 8 என்று அணுப்பிளவுகள் கிளை பிரியும் அந்தப் படம் குண்டுக்கு உரியது. அதை வரைந்துவிட்டு, “அணுமின் நிலையத்திலும் இதுதான், கொஞ்சம் மெதுவாக” என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். துணைப்பாட வகுப்பு எடுப்போரே, அந்த வாக்கியத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

சீராக ஓடும் உலையில் பிளவுகள் பெருகுவதே இல்லை. யுரேனியம்-235 அணு ஒன்று பிளந்தால் சராசரியாக இரண்டரை நியூட்ரான்கள் வரும். அவற்றில் ஒன்றுதான் அடுத்த அணுவைப் பிளக்கும். மிச்சத்தை எளிதில் பிளக்காத யுரேனியம்-238-உம், வினையை அடக்க உலைக்குள் செருகும் கட்டுப்பாட்டுத் தண்டிலுள்ள போரானும் விழுங்கும். கொஞ்சம் வெளியே கசிந்துபோகும். எரிபொருளும் வேறு. இயற்கை யுரேனியத்தில் 235 வெறும் 0.7 விழுக்காடு. பெரும்பாலான மின் உலைகளுக்கு அதை 3 முதல் 5 விழுக்காடு வரை செறிவூட்டுவார்கள். குண்டுக்கு ஏறத்தாழ 90 வேண்டும். தண்டு பழுதானால் 5 எப்படி 90 ஆகும்?

இதை வகுப்பில் காட்ட முப்பது டோமினோ கட்டைகள் போதும். பதினைந்தைக் கிளையாக அடுக்கித் தள்ளுங்கள்: குண்டு. மற்ற பதினைந்தை ஒரே வரிசையில் நிறுத்தித் தள்ளுங்கள்: உலை. இடைவெளி கட்டையின் உயரத்தில் பாதியைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் வரிசை நடுவில் நின்றுவிடக்கூடும். அப்படி நின்றால் அதையும் பாடமாக்குங்கள், தொடர்வினை அணைவது அப்படித்தான். பிறகு வரிசைக்கு நடுவே அடிக்கோலைச் செருகச் சொல்லுங்கள். அதுதான் கட்டுப்பாட்டுத் தண்டு. (ஆர்வமுள்ள பிள்ளைக்கு மட்டும் ஒன்று: நியூட்ரான்களில் சுமார் 0.65 விழுக்காடு சில விநாடிகள் தாமதித்தே வரும். அந்தத் தாமதம் இல்லையென்றால் எந்தத் தண்டாலும் உலையை ஆள முடியாது.)

மாடரேட்டர் (பெரும்பாலான உலைகளில் அது நீர்தான்) என்ற சொல் இன்னொரு தொல்லை. அது வினையை மெதுவாக்கும் என்று எழுதி மதிப்பெண்ணை இழக்கிறார்கள். அது மெதுவாக்குவது நியூட்ரானை. மெதுவான நியூட்ரான்தான் யுரேனியம்-235-ஐ எளிதில் பிளக்கும், ஆகவே இத்தகைய உலையில் மாடரேட்டர் இருந்தால்தான் வினையே நடக்கும்.

குண்டு இல்லை என்றதும் ஆபத்தே இல்லை என்று சொல்லிவிடாதீர்கள், அதுவும் பொய். 1986இல் செர்னோபிலில் உலையின் சக்தி கட்டுமீறி ஏறி, நீராவி அழுத்தம் உலையைப் பிளந்தது. 2011இல் ஃபுக்குஷிமாவில் நிலநடுக்கம் வந்ததுமே ஓடிக்கொண்டிருந்த உலைகள் தாமாக நின்றுவிட்டன. ஆனால் நின்ற உலை சூடாகவே இருக்கும். பிளவில் பிறந்த கதிரியக்கப் பொருள்கள், நிறுத்திய கணத்தில் முழு வெப்பத்தில் சுமார் 7 விழுக்காட்டைத் தந்துகொண்டிருக்கும். 1,000 மெகாவாட் மின்நிலையத்தின் வெப்பம் 3,000 மெகாவாட் என்றால், நின்ற கணத்திலும் சுமார் 200 மெகாவாட்! சுனாமி டீசல் மின்னாக்கிகளை மூழ்கடித்தது, குளிர்நீர் ஓட்டம் நின்றது, எரிபொருள் உருகியது. அங்கே வெடித்தது ஹைட்ரஜன்.

சிங்கப்பூரில் நம் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவில் வருகிறது. அணுமின்சக்தி சிங்கப்பூருக்கு இப்போதைக்குப் பொருந்தாது என்று 2012இல் அரசாங்க ஆய்வு சொன்னது. 2024 ஜூலையில் அமைதிவழி அணுசக்தி ஒத்துழைப்புக்காக அமெரிக்காவுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. நிலையம் கட்ட முடிவெடுத்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் வருவதைப் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். முடிவெடுக்கும் காலம் வந்தால், பேசப்போவது இவர்கள்தான்.

பாடம் முடிந்ததும் ஒரே கேள்வி கேளுங்கள்: நீரே மாடரேட்டராக உள்ள உலையில் நீர் முழுவதும் வடிந்துவிட்டால் என்ன ஆகும்? பிளவு நின்றுவிடும், ஆனாலும் எரிபொருள் உருகும். பாதி விடையோடு நிறுத்துகிற பிள்ளைக்கு ஃபுக்குஷிமாவை மறுபடி நடத்துங்கள்.