கல்லுக்கு அடியில் இருக்கும் மணலுக்கு வயது தெரியும்

"காட்டுக்குள் ஒரு கற்திட்டை (பலகைக்கற்களை நட்டுக் கட்டிய பழங்கால ஈமச்சின்னம்) பார்த்தோம். உள்ளே எலும்பும் இல்லை, கரியும் இல்லை. நாலு பலகைக்கல்லை வைத்து இது 3,000 வருடம் பழசு என்று எப்படிச் சொல்கிறார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

கார்பன்-14 முறைக்கு ஒருகாலத்தில் உயிரோடு இருந்த பொருள் ஏதாவது வேண்டும். சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் நெல் கிடைத்ததால் கி.மு. 1155 என்று சொல்ல முடிந்தது. மழைக்காட்டு மண் பெரும்பாலும் அமில மண், எலும்பைக் கரைத்துவிடும். சரி, கல்லின் வயதையே அளக்கலாமே என்றால், அது பாறை உருவான காலத்தைத்தான் காட்டும். தென்னிந்தியாவில் 250 கோடி ஆண்டு தாண்டிய பாறைகள் நிறைய உண்டு. நமக்கு வேண்டியது அந்தப் பலகையை நட்ட காலம். அதைக் கல்லின் காலடியில் கிடக்கும் மணல் சொல்லும். மணலை ஒளியால் தூண்டி, அது உமிழும் ஒளியை வைத்து வயதைக் கணக்கிடும் இந்த முறைக்கு ஓ.எஸ்.எல். (OSL) என்று பெயர்.

மண்ணில் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் மிகச் சிறிய அளவில் எங்கும் இருக்கின்றன. அவற்றின் கதிர்வீச்சு குவார்ட்ஸ் மணல்துகளுக்குள் புகுந்து எலெக்ட்ரான்களை இடம்பெயர்க்கிறது. பெரும்பாலானவை உடனே திரும்பிவிடும். சில மட்டும் படிகத்தில் உள்ள குறைகளில் மாட்டிக்கொள்ளும். குழியில் விழுந்த கோலிக்குண்டு மாதிரி, யாராவது தட்டிவிடும்வரை அங்கேயே கிடக்கும். தட்டிவிடுவது வெயில். நல்ல வெயிலில் சில நிமிடங்கள் கிடந்தாலே குழிகள் காலியாகிவிடும். அப்புறம் அந்தத் துகள் கல்லுக்கு அடியில் புதைந்தால், இருட்டில் மறுபடி ஒவ்வொன்றாக நிரம்பத் தொடங்கும். எவ்வளவு நிரம்பியிருக்கிறதோ அவ்வளவு காலம் அது வெயிலைப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

அதனால்தான் மாதிரி எடுக்கும்போது அத்தனை பதைப்பு. இரும்புக் குழாயை மண்ணுக்குள் அடித்து இறக்கி, துளி வெளிச்சம் படாமல் இரு முனையையும் மூடி எடுத்துவருவார்கள். ஆய்வகத்தில் மங்கிய சிவப்பு விளக்கில்தான் பிரிப்பார்கள். முனைகளில் இருக்கும் மண்ணை ஒதுக்கிவிட்டு, நடுவில் உள்ளதை அமிலத்தில் கழுவி, குவார்ட்ஸை மட்டும் பிரித்து அதன்மேல் நீல ஒளியைப் பாய்ச்சுவார்கள். மாட்டியிருந்த எலெக்ட்ரான்கள் விடுபடும்போது துகள் புற ஊதா ஒளியை உமிழும். கண்ணுக்குத் தெரியாத, சில நொடிகளில் மங்கிவிடும் ஒளி. பல நூற்றாண்டு இருட்டு முழுவதும் அந்தச் சில நொடிகளுக்குள் வெளியே வந்துவிடுகிறது என்று நினைத்தால் எனக்கு இன்றும் உடல் சிலிர்க்கிறது.

கணக்கு எளிது. துகள் வாங்கிய மொத்தக் கதிர்வீச்சு 9 கிரே (கிரே என்பது உள்வாங்கிய கதிர்வீச்சை அளக்கும் அலகு), அந்த மண் ஆண்டுக்குத் தருவது 3 மில்லிகிரே, அதாவது ஒரு கிரேயின் ஆயிரத்தில் மூன்று பங்கு என்றால், வயது 3,000 ஆண்டு. ஆனால் ஈரமண்ணில் நீர் கதிர்வீச்சின் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்ளும், அதற்குத் திருத்தம் போட வேண்டும். காட்டில் எறும்பும் வேரும் மேல்மண்ணைக் கீழே கொண்டுபோய்விடும் என்பதால் துகள் துகளாகவும் அளந்து பார்க்கிறார்கள். மணலே இல்லாத பாறைமேல் கட்டியிருந்தால், பலகையின் அடிப்பக்கத்தில் வெயில் முன்பு ஊடுருவிய சில மில்லிமீட்டர் ஆழத்தையே அளக்கும் வழியும் வந்திருக்கிறது.

1985இல் முன்வைக்கப்பட்ட முறை இது. தமிழ்நாட்டு அகழாய்வு மாதிரிகள் லக்னோவிலும் அகமதாபாத்திலும் உள்ள ஆய்வகங்களுக்குப் போய் வருகின்றன. இத்தனை ஈமச்சின்னங்கள் இருக்கும் மண்ணில் இதற்கான ஆய்வகங்களுக்கு அரசு தாராளமாகவே பணம் ஒதுக்கலாம் என்பது என் கருத்து.

அதைவிட அவசரமானது புதையல் மூடநம்பிக்கை. பாண்டவர் பொன்னை வைத்துவிட்டுப் போனார்கள் என்று நம்பிக் கற்திட்டைகளின் காலடியைத் தோண்டுகிறார்கள். தோண்டிக் கொட்டிய மண்ணில் ஒரு பகல் வெயில் பட்டால் அதிலிருந்த கணக்கு மொத்தமும் அழிந்துபோகும். அப்புறம் அந்தக் குழியை எவ்வளவு கவனமாக மூடினாலும், அந்த மண் காட்டப்போவது தோண்டிய நாளின் தேதியைத்தான்.