வெளிநாட்டில் மருத்துவம் படித்தவருக்கு ஊரில் காத்திருக்கும் பரீட்சை

உயர்தரப் பெறுபேறு வெளியானதும் யாழ்ப்பாணத்தில் சில வீடுகளுக்கு முகவர்களின் அழைப்பு வரத் தொடங்கிவிடும். பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசெட் புள்ளி சற்றே குறைந்து மருத்துவபீடம் கைநழுவிய பிள்ளை, காணியை விற்றாவது படிப்பிக்கலாம் என்று நினைக்கும் பெற்றோர். ரஷ்யா, சீனா, பங்களாதேஷ், நேபாளம் என்று நாடுகளை அடுக்குவார்கள். திரும்பி வந்தபின் எழுதவேண்டிய பரீட்சையைப் பற்றிக் கேட்டால், "அது சும்மா ஒரு பரீட்சை ஐயா, எல்லாப் பிள்ளைகளும் எழுதுகிறார்கள்" என்பார்கள். எழுதுகிறார்கள், உண்மைதான். பலர் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள்.

வெளிநாட்டுப் பட்டத்துடன் வருபவர் இலங்கை மருத்துவ சபையின் பதிவுப் பரீட்சையில் சித்தியடைந்தாக வேண்டும். இதன் இன்றைய பெயர் ஈஆர்பிஎம். மூத்த வைத்தியர்கள் இன்னும் அக்ட் 16 என்றே சொல்வார்கள். அதற்குத் தோற்றும் தகுதி விமானம் ஏறுவதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றிலும் சித்தி வேண்டும். குறைந்தது இரண்டில் சி (திறமைச் சித்தி), ஒன்றில் எஸ் (சாதாரண சித்தி). படிக்கப்போகும் பல்கலைக்கழகம் சபையின் அங்கீகாரம் பெற்றதாக இருக்கவேண்டும். முகவர் காட்டும் வண்ணக் கையேட்டை ஒருபுறம் வைத்துவிட்டு, முற்பணம் கட்டுமுன் சபையிடமே எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பரீட்சைக்குத் தயாராகிறவர்கள் என்னிடம் வரும்போது பாடப்புத்தக அறிவில் பெரும்பாலும் குறை இருப்பதில்லை. தடுமாற்றம் வேறிடத்தில். பனி பெய்யும் நகரத்தில், மொழி புரியாத நோயாளியின் கட்டிலைச் சுற்றிக் கடைசி வரிசையில் நின்று படித்த பிள்ளைக்குப் பாம்புக்கடி என்பது புத்தகத்தில் ஒரு பக்கம். இங்கே அது இரவுக் கடமையில் வாசலுக்கு வருகிற ஆள். நஞ்சுள்ள புடையனா, சுருட்டையா, நஞ்சில்லாத வெறும் சாரையா என்று உறவினர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். அந்த வாதத்தில் நேரத்தைக் கழிக்காமல், சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பிறகு சரித்துப் பார்க்கவேண்டும். உறையாமல் ஓடினால் நஞ்சு இரத்தத்தில் வேலை செய்கிறது என்று கொள்ளலாம். பிளாஸ்டிக் குழாயில் செய்தால் முடிவை நம்பமுடியாது. இரத்தத்தை உறையத் தூண்டுவதே கண்ணாடியின் பரப்புத்தான். ஒரு பிள்ளையிடம் இதைக் கேட்டபோது இரத்தம் உறையும் பொறிமுறையை முதலிலிருந்து கடைசிவரை ஒப்புவித்தார். எந்தக் குழாயை எடுப்பீர்கள் என்றேன். மௌனம்.

இன்னொன்றையும் கேட்பேன். தரையில் படுத்துறங்கியவர் விடியற்காலையில் வயிற்றுவலியோடு எழும்புகிறார், கண்ணிமை மெல்லத் தொங்குகிறது, உடம்பில் கடித்த தடம் தெரியவில்லை. கட்டுவிரியன் பாம்பு கடித்திருக்கலாம் என்று நினைக்காதவர் வாயுத் தொல்லைக்கு மருந்து எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவார். பங்களாதேஷிலோ நேபாளத்திலோ படித்தவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் முந்திவிடுகிறார்கள். நோய்கள் ஏறத்தாழ ஒன்றுதானே.

காய்ச்சலும் அப்படித்தான். 2024 டிசம்பரில் எலிக்காய்ச்சல் இங்கே உயிர்களைக் காவுகொண்டதை மறந்திருக்கமாட்டோம். காய்ச்சலோடு வருபவரிடம் வயலில், வெள்ளத்தில் இறங்கினீர்களா என்று கேட்கத் தெரியவேண்டும். சந்தேகம் வந்தவுடனேயே, ஆய்வுகூட முடிவுக்குக் காத்திராமல், ஹெல்த் 544 படிவம் நிரப்பிச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவிக்கவேண்டும் என்பதை எந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும் கற்பிக்காது. வெட்டுக்காயத்தைக் கடுங்காயமா இல்லையா என்று வகைப்படுத்த, தண்டனைச் சட்டக்கோவையின் 311ஆம் பிரிவு தெரியவேண்டும். சமுதாய மருத்துவத்தையும் சட்ட மருத்துவத்தையும் கடைசி வாரத்துக்கென்று ஒதுக்கிவைப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். இதெல்லாம் நாளை கையொப்பமிடப்போகும் காகிதங்கள்.

ஆகவே பட்டம் முடியும்வரை காத்திராதீர்கள். விடுமுறையில் ஊருக்கு வரும்போது உரிய அனுமதி பெற்று, இங்குள்ள ஒரு வைத்தியசாலை விடுதியில் வைத்தியரின் பின்னால் நில்லுங்கள். தாதியரிடம் கேளுங்கள், அவர்களுக்குத் தெரிந்தது அதிகம். தனியார் வகுப்புகளின் வினாத்தாள் கட்டுகளும் உதவும், மறுக்கவில்லை. ஆனால் நோயாளியை நேரில் பரிசோதிக்கும் பகுதியில் அந்தக் கட்டு கைகொடுக்காது. பரீட்சகர் உங்கள் கையைத்தான் பார்ப்பார்.

சித்தியடைந்தாலும் உடனே வேலை கிடையாது. தற்காலிகப் பதிவு, ஓராண்டு உள்ளகப் பயிற்சி, அதன்பின்தான் முழுப்பதிவு. பயிற்சி நியமனத்துக்குக் காத்திருக்கும் காலம் சில வேளை மிக நீண்டுவிடுகிறது. படித்து முடித்த பிள்ளைகளை இப்படி வீட்டில் இருத்திவைப்பது நியாயமில்லை என்பதே என் எண்ணம். அதற்காக, "சும்மாதானே இருக்கிறான் டொக்டர், தெரிந்தவரின் கிளினிக்கில் பின்னேரங்களில் இருத்தலாமா?" என்று கேட்கும் பெற்றோருக்கு நான் சொல்லும் பதில் மாறாது. கூடாது. பதிவில்லாமல் மருந்து எழுதுவது சட்டப்படி குற்றம். அந்த ஒரு துண்டுச் சீட்டு, பிறகு கிடைக்கவேண்டிய பதிவையே இழுத்தடிக்கக்கூடும்.