ஃபில்டர் கரியில் இருக்கும் வெள்ளி எதற்கு?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்துகிறவர்களே வீட்டுத் தண்ணீர் ஃபில்டரின் கார்பனைக் கொண்டுவந்து கேட்கிறார்கள்: "வெள்ளி கலந்ததுன்னு அட்டையில போட்டிருக்குதுங்க, கண்ணுல படவே இல்லைங்களே?" வெள்ளி இருக்கிறது. நானோமீட்டர் அளவுத் துகள்களாக, கரியின் நுண்துளைகளுக்குள் இருக்கிறது.

அந்தக் கரி பெரும்பாலும் கொட்டாங்குச்சியில் செய்தது. ஆக்டிவேட்டட் கார்பன் எனப்படும் இந்த நுண்துளைக் கரியின் உட்பரப்பு, ஒரு கிராமுக்கு சுமார் 1000 சதுர மீட்டர் வரும். அதை சில்வர் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து, அதிலுள்ள வெள்ளி அயனிகளை (மின்னேற்றம் பெற்ற வெள்ளி அணுக்களை) உலோகமாக மாற்றுவது ஒரு வழி. வெள்ளி அணுவுக்குக் கரியின் மேல் பிடிப்பு குறைவு, இன்னொரு வெள்ளி அணுவின் மேல்தான் அதிகம். அதனால் சேப்பங்கிழங்கு இலையில் விழுந்த தண்ணீர் போலப் பரவாமல் திரண்டுகொள்ளும். கரியைப் போலவே கார்பனால் ஆன, வழவழப்பான கிராஃபைட்டில் வெள்ளி அணுக்கள் நிற்காமல் நகர்ந்துபோய், ஒரு விளிம்பிலோ பள்ளத்திலோ சிக்குகின்றன. அங்கே துகளுக்கான கரு உண்டாகி, பின்னால் வரும் அணுக்கள் சேரச்சேரத் துகள் வளர்கிறது. சிக்கும் இடங்கள் நிறைய இருந்தால் துகள்களும் நிறைய, ஒவ்வொன்றும் சிறியது. கரிப் பரப்பிலுள்ள ஆக்சிஜன் தொகுதிகளும் இப்படிப் பிடித்து நிறுத்தும். தயாரிப்பில் சூடு மிஞ்சினால் சிறு துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பருத்துவிடும்.

கிருமியைத் தடுப்பது துகளின் பரப்பிலிருந்து கசியும் வெள்ளி அயனி. ஆகவே எத்தனை மில்லிகிராம் என்று மட்டும் கேட்டால் போதாது. அதே எடை, துகள் பருத்தால் வேலை குறையும்.

இதைவிட முக்கியமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். தண்ணீரில் கிருமியைக் கொல்லக் கலக்கும் குளோரினைக் கரி எடுத்துவிடுவதால் அதிலேயே பாக்டீரியா குடியேறும். வெள்ளி அந்தக் கரியைக் காக்கத்தான். சில நொடிகளில் கடந்துபோகும் தண்ணீரிலுள்ள கிருமிகளை அது கொன்றுவிடும் என்று நம்பாதீர்கள், கொதிக்கவைப்பதோ யு.வி. விளக்கோ வேண்டும்.

நம் போர் தண்ணீரின் உப்புக்கறை துகள்களை மூடிவிடும். குளோரைடு வெள்ளியோடு சேர்ந்து சில்வர் குளோரைடாகும். கார்பனைக் காலத்தில் மாற்றாவிட்டால் பாதுகாப்பு பெயரளவில்தான். புளோரைடை இந்தக் கரி நீக்குவதே இல்லை. சேலம், தர்மபுரி பக்கம் புளோரைடு மிகுந்த கிணறுகள் இருப்பதால் போர் தண்ணீரைக் கட்டாயம் பரிசோதியுங்கள். இந்தியத் தர அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 1.5 வரை.

புது கார்பன் போட்டதும், ஊருக்குப் போய்த் திரும்பியதும், முதலில் வரும் தண்ணீரைக் குடிக்காமல் செடிக்கு ஊற்றிவிடுங்கள்.