கோழியோடு மருந்துப் பொட்டலத்தையும் கொண்டு வாருங்கள்

மாசி பிறந்துவிட்டால் எங்கள் மாட்டாஸ்பத்திரிக்குத் துணிப்பையோடு வருபவர்கள் கூடிவிடுவார்கள். பைக்குள் செத்த கோழி இருக்கும். கொண்டு வருபவர் வாசலிலேயே நோயையும் சொல்லிவிடுவார்: "வெள்ளைக்கழிச்சல் சார், ஊசி ஏதாவது போடுங்க." பல சமயம் அவர் சொல்வது சரிதான். சில சமயம் கோழியைக் கொன்றது அவர் வீட்டுத் தோட்டமாக இருக்கும்.

சில வருடங்களுக்கு முன் ஓர் அம்மா வந்தார். ஒரே காலையில் ஏழு கோழி போயிருந்தது. "நேத்துப் பொழுது சாயற வரைக்கும் நல்லாத்தான் மேஞ்சுது சாமி" என்றார். அந்த வார்த்தைதான் என்னை உறுத்தியது. வெள்ளைக்கழிச்சல் அப்படி வராது. ஒரு கோழி உறங்கி நிற்கும், தீனி எடுக்காது, பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும். சிலவற்றுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும். அப்புறம் அடுத்த கோழி, அதற்கு அடுத்தது, பக்கத்து வீட்டுக் கோழி என்று நாள் கணக்கில் பரவும். நன்றாக மேய்ந்த கோழிகள், அதுவும் துடியான கோழிகள் முதலில், ஒரே வேளையில் விழுந்தால் விஷத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அறுத்துப் பார்த்தேன். கழுத்தடியில் இரைப்பை நிறையக் கம்பும் மண்புழுவும் இருந்தன. நடுவே ஊதா நிறத்தில் குருணை. கத்தரிப் பாத்தியில் நூற்புழுவுக்கென்று மகன் முந்தின நாள் குருணை மருந்து தூவியிருக்கிறார். கார்போபியூரான்.

கோழிக்குப் பல் கிடையாது. இரையை அரைக்கச் சிறு கற்களைத் தேடிப் பொறுக்கி விழுங்கும். மருந்துக் குருணை அதன் கண்ணுக்கு நல்ல கல்தான். ஒரு சிட்டுக்குருவியைக் கொல்ல அதில் ஒரே ஒரு குருணை போதும் என்றால் மிச்சத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நரம்பைத் தாக்கும் விஷம். எச்சில் வடியும், நடுங்கும், கால் இழுக்கும், கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். அட்ரோபின் ஊசி என்னிடம் இருக்கிறது. அதைப் போடுவதற்குள் கோழி இருப்பதில்லை.

எனக்குக் கோபம் வருவது இதற்கு அடுத்த கட்டத்தில். தள்ளாடும் கோழியைப் பார்த்ததும், "சாகறதுக்குள்ள அறுத்துடலாம்" என்று குழம்பு வைத்துவிடுகிறார்கள். அந்த அம்மா வீட்டிலும் இரண்டு கோழி அடுப்படிக்குப் போகத் தயாராக இருந்தது. கொதிக்க வைத்தால் விஷம் போய்விடும் என்று நம்பாதீர்கள். குப்பையில் வீசினால் நாய் தின்னும், காக்கை தின்னும். ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.

போரேட் என்ற இன்னொரு பூச்சிமருந்துக் குருணை 2020 டிசம்பர் 31 முதல் நாட்டிலேயே தடை. மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்தைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாதென்பது அதற்கும் முந்தைய தடை. ஆனாலும் பரணில் எப்போதோ வாங்கிய பாக்கெட் பாதி மிச்சம் இருக்கத்தான் செய்கிறது. பத்துப் பாத்திக்கு அது எதற்கு? அசுவினிக்கும் மாவுப்பூச்சிக்கும் வேப்பங்கொட்டைக் கரைசலே போதும். ஐம்பது கிராம் பருப்பை இடித்துத் துணியில் கட்டி ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவிட்டு, காலையில் பிழிந்து, கொஞ்சம் சோப்புக் கரைத்துச் சாயங்காலம் அடிக்கலாம். கொட்டையை ஆனி, ஆடியில் பொறுக்கி வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அப்புறம் கறையான். நம் பாட்டிகள் பழைய பானையில் சாணமும் வைக்கோலும் திணித்து, தண்ணீர் தெளித்துக் கவிழ்த்து வைத்து, காலையில் ஏறியிருக்கும் கறையானைக் குஞ்சுகளுக்குக் கொட்டினார்கள். இன்று அதே கறையானுக்கு மருந்து ஊற்றிவிட்டு, குஞ்சுக்குத் தீவனம் காசு கொடுத்து வாங்குகிறோம்.

விதையும் விஷமாகும். ஒருவர் கோழிகள் வரிசையாக ஓடு கெட்டியாகாத தோல்முட்டை இடுவதாகச் சொல்லி வந்தார். கிளிஞ்சல் கொடுத்தும் தீரவில்லையாம். விசாரித்தால், விதைத்தது போக மிஞ்சிய சிவப்புச் சாயம் ஏறிய மக்காச்சோள விதையைத் தீனியாகப் போட்டிருக்கிறார். பூஞ்சணத்துக்காக விதையில் பூசும் திரம் என்ற மருந்து முட்டை ஓட்டைக் கெடுக்கும், வளரும் குஞ்சின் கால் எலும்பையும் கெடுக்கும். சாயம் ஏறிய விதையைக் கழுவினாலும் கோழிக்கு ஆகாது.

கோழியைத் தோட்டத்தில் விடவே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. விதைக்கும் முன் கொத்திவிட்ட மண்ணில் பத்து நாள் விடுங்கள். கூட்டுப்புழு, களைவிதை எல்லாம் பொறுக்கிவிடும். விதை போட்ட அன்றே தென்னமட்டைப் படலோ பழைய மீன்வலையோ கட்டிவிட வேண்டும். எச்சத்தையும் பச்சையாகப் போடாதீர்கள். பங்குனி வெயிலில் செடி கருகும், கீரைக்குக் கிருமியும் ஏறும். காய்ந்த சருகோடு கலந்து இரண்டு மூன்று மாதம் மக்கட்டும்.

வெள்ளைக்கழிச்சலுக்கு மருந்து கிடையாது, தடுப்பூசி மட்டும்தான். குஞ்சு பொரித்து ஏழாம் நாள் சொட்டு மருந்து, எட்டு வாரம் ஆனதும் இறக்கைக்கடியில் ஊசி. பிப்ரவரி தொடக்கத்தில் கால்நடை பராமரிப்புத் துறை இரண்டு வாரம் முகாம் நடத்துவது வழக்கம், ஊசி இலவசம். வெயில் ஏறுவதற்குள் போட்டுவிடுவது நல்லது. கலக்கிய மருந்தை ஐஸில் வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும் என்பதால், ஊரில் எல்லோரும் ஒரே காலையில் கோழிகளைக் கூடையில் கவிழ்த்து வைத்திருந்தால் எங்களுக்கும் சுலபம். நோய் கண்ட கோழிக்கு மட்டும் போடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

அதையும் மீறிக் கோழி செத்தால், வெறும் கையால் தொடாமல் பாலித்தீன் பையில் கட்டிச் சீக்கிரம் கொண்டு வாருங்கள். அந்த வாரம் தோட்டத்தில் எதையாவது தூவியிருந்தால் காலிப் பொட்டலமானாலும் சரி, எடுத்து வாருங்கள். அந்த அம்மாவின் மகன் தயங்கித் தயங்கித்தான் எடுத்துக் கொடுத்தார். அதில் இருந்த பெயரைப் படித்த பிறகுதான் மிச்சமிருந்த மூன்று கோழிகளை எங்கே அடைப்பது என்று என்னால் சொல்ல முடிந்தது.