அரையால் வகுத்தால் ஏன் கூடுகிறது?

ஆறாம் வகுப்பு படிக்கும் அண்ணன் மகள் நோட்டோடு வந்தாள். "ஆறை அரையால வகுத்தா 12னு போட்டிருக்கு. வகுத்தா குறையத்தானே செய்யணும் சித்தப்பா?" தலைகீழாக்கிப் பெருக்கும் விதி அவளுக்கு அத்துப்படி. ஆனாலும் மனசு ஒப்பவில்லை.

அவள் கேட்டது நியாயமான கேள்வி. சின்ன வகுப்பிலிருந்தே வகுத்தல் என்றால் பங்கு போடுவது என்று பழக்கிவிட்டோம். 6 மாம்பழத்தை 2 பேருக்குப் பங்கு போடலாம். அரை ஆளுக்கு எப்படிப் போடுவது? வகுத்தலுக்கு அளப்பது என்று இன்னொரு பொருளும் உண்டு. 6 லிட்டர் பாலை அரை லிட்டர் பாட்டில்களில் ஊற்றினால் 12 பாட்டில் நிறையும். பாட்டில் சிறுக்கச் சிறுக்க எண்ணிக்கை கூடும்.

இங்கே தமிழே கைகொடுக்கிறது. முக்கால் என்ற சொல்லுக்குள்ளேயே மூன்று கால் இருக்கிறது. முக்காலில் எத்தனை கால் என்று கேட்டால், கேட்டு முடிப்பதற்குள் மூன்று என்று பதில் வரும். அதையே ¾ ÷ ¼ என்று எழுதிக் கொடுத்தால் பிள்ளைகள் பேனாவைக் கடிக்கிறார்கள்.

சரி, தலைகீழாக்குவது எதற்கு? பரணிலிருந்து பழைய படியையும் ஆழாக்கையும் இறக்கினேன். ஆழாக்கால் அரிசியை அள்ளிப் போட்டு அவளே எண்ணினாள்: ஒரு படிக்கு 8 ஆழாக்கு. ஒரு டப்பா 3 ஆழாக்கு பிடிக்கும், அதாவது படியில் 3/8. 6 படி அரிசிக்கு எத்தனை டப்பா வேண்டும்? 6 படியை 8ஆல் பெருக்கி 48 ஆழாக்கு என்றாள். அதை 3ஆல் வகுத்து 16 டப்பா என்றாள். எட்டால் பெருக்கி மூன்றால் வகுத்தது அவளேதான். தலைகீழாக்கும் விதி சொல்வதும் அதைத்தான்.

உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960களில் சொன்ன வரிசை இது: முதலில் கையால் செய்வது, அப்புறம் படம், அதன்பின் குறியீடு. சிங்கப்பூர் 1980களில் தன் கணக்குப் பாடத்தை இந்த வழியில்தான் அமைத்தது. நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் குறியீடு முந்திக்கொண்டு வந்துவிடுவதில் எனக்கு வருத்தம் உண்டு.

அப்புறம் ஒரே ஒரு படி அரிசியை அதே டப்பாவால் அளக்கச் சொன்னேன். இரண்டு டப்பா போக 2 ஆழாக்கு மிஞ்சியது. "இரண்டேகால்" என்றாள். மிஞ்சியது கால் படிதான். ஆனால் நாம் எண்ணுவது டப்பாவை. மிச்சத்தையும் டப்பாவில் கொட்டினாள். மூன்றில் இரண்டு பங்கு நிறைந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவள், நோட்டில் 2¼ஐ அடித்துவிட்டு 2⅔ என்று எழுதினாள்.